பச்சை நுளம்பு

"அந்தப் பெட்டிசத்த நான் பார்க்கணும்," என்றாள் டொரதி.

மனேஜர் பஸ்தியாம்பிள்ளையின் தேத்தண்ணிக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. பக்கத்துக் கதிரையில் இருந்த தலைமை ஆசிரியை மிஸஸ் ஹென்றி கண்களை மூடிக்கொண்டார். டொரதி வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவர் அவர். இந்தப் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கலாம், புதுக் கரும்பலகை கேட்கலாம், நெஞ்சில் துணிவிருந்தால் சம்பள உயர்வுகூடக் கேட்கலாம். ஆனால் மனேஜருக்கு வந்த மொட்டைப் பெட்டிசத்தைக் காட்டச் சொல்லி மட்டும் ஒருநாளும் கேட்கக் கூடாது. கேட்ட மூன்று பேர் இப்போது வேறு ஊர்களில் படிப்பிக்கிறார்கள்.

"பெட்டிசம் எண்டது வாறது, பிள்ளை," என்றார் மனேஜர். "காட்டுறது இல்லை."

"கையெழுத்தே இல்லாத கடிதத்த வச்சு என்னைய விசாரிக்கிறீங்க. எழுத்தையாவது பார்க்கணும்ல, ஐயா?"

"பாண் போறணைச் சுவக்கின்ட மகளுக்கு இவ்வளவு சட்டம் ஆர் சொல்லித் தந்தது?"

"பி.ஏ.க்குப் படிக்கிறப்ப சொல்லித் தந்தாங்க."

மிஸஸ் ஹென்றி மூடிய கண்களை இன்னும் இறுக்கினார்.

கெலிஓயாச் சந்தியில் பாண் சுடும் போறணை வைத்திருந்த சுவக்கினின் மூத்த மகள் டொரதி. மா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்து, கொழும்புக்குப் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பியவள். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. மனிதர்களை நம்புவதில் அவளுக்கு அவசரம் இல்லை. மா விற்க வருகிறவர்கள் மாவில் எதையெல்லாம் கலக்கிறார்கள் என்பதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டவள்.

விசாரணைக்குக் காரணம் ஒரு சுவர்.

அம்பிட்டிய வீதியோரம், பள்ளிக்கூடக் காணியின் மூலையில், ஒரு மருந்துக் கொட்டில் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அங்கே மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினாக் குளிசை இலவசமாகக் கொடுத்தார்கள். குளிசையைச் சுற்றித் தந்த காகிதத்தில், எப்படி விழுங்க வேண்டும் என்று இங்கிலீசில் தெளிவாக அச்சடித்திருந்தது. வாங்கிப் போனவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இங்கிலீசு தெரிந்தால் அதிசயம். எட்டாம் வகுப்பு ரபீகாவின் உம்மா, காய்ச்சல் சீக்கிரம் போகட்டும் என்று ஒரு கிழமைக் குளிசையையும் ஒரே மூச்சில் விழுங்கினாள். காய்ச்சல் போயிற்று, கூடவே காதும் போயிற்று. அன்றிலிருந்து வீட்டில் கத்திக் கத்திப் பேசிப் பழகிய ரபீகாவுக்கு மெதுவாகப் பேசுவது மறந்தே போயிற்று. அவள் வகுப்பில் இரகசியம் சொன்னால் பக்கத்து வகுப்பில் சிரிப்பார்கள்.

மாரி வந்து போனால் காய்ச்சல் திரும்பும். அதற்குள் கொட்டிலின் நீளச் சுவர் முழுவதும் படம் எழுதிவிட வேண்டும் என்று ரபீகாவும் இன்னும் ஐந்து பிள்ளைகளும் டொரதியும் முடிவு செய்தார்கள். சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு குளிசை, நிலாவுக்குப் பக்கத்தில் ஒரு குளிசை. சிரட்டையில் தேங்கிய தண்ணீரில் நுளம்பு, அது கடிக்கும் பிள்ளை. கடைசியில் நுளம்பு வலைக்குள் தூங்கும் பிள்ளை, மலை, வானம். எழுத்து ஒன்றும் இல்லை. கண் இருக்கிறவர்கள் எல்லாரும் படிக்கலாம்.

குறை ஒன்றுதான்: வர்ணம். மனேஜரிடம் கேட்டதற்குக் கோயில் ஜன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய பச்சை ஒரு தகரப் பேணி கிடைத்தது. அவ்வளவுதான். ஆகவே பச்சைச் சூரியன், பச்சை நிலா, பச்சைக் குளிசை, பச்சை நுளம்பு.

தேர்தலுக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் வோட்டு வந்துவிட்டதால், நிற்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தார்கள். யாருக்கு விருப்பமோ அவருடைய நிறப் பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். அந்தப் பக்கத்தில் நான்கு பேர் நின்றார்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம்.

பெட்டிசத்தைக் காட்டாவிட்டாலும், மனேஜர் தூரத்தில் பிடித்து வாசித்துக் காட்டினார். அம்பிட்டிய வீதிச் சுவரில் பச்சைப் பெட்டிக்குப் பகிரங்கமாகப் பிரசாரம் நடக்கிறது, சூரியனும் நிலாவுமே பச்சைக்கு வோட்டுக் கேட்கின்றன, இது முறையா என்று எழுதியிருந்தது. அடியில், பிரதி: மஞ்சள் பெட்டி ஏசண்டு.

"சுவரில இன்னுமொரு முறைப்பாடு வந்தால் சுண்ணாம்பு அடிச்சுப்போடுவன்," என்றார் மனேஜர். "அது பள்ளிக்கூடச் சுவர். சுண்ணாம்பும் என்னட்டை இருக்கு."

வெளியே வந்த டொரதி யோசித்தாள். பச்சையைக் கொடுத்தது மனேஜர். பச்சை என்று பெட்டிசம் வந்தது மனேஜருக்கு. சுண்ணாம்பும் தயாராக இருக்கிறது. தானே எழுதித் தானே பெற்றுக்கொண்டிருக்கிறார் மனுசன். வேறு யாராக இருக்கும்?

மறுநாள் காலை மஞ்சள் பெட்டி ஏசண்டு வேர்க்க விறுவிறுக்க மேட்டில் ஏறி வந்தார். பிரதி அவருக்குக் கிடைத்துவிட்டது. சண்டை பிடிக்க வந்தவர், டொரதி பேசிய பேச்சில் வந்த வேலையை மாற்றிக்கொண்டார். சூரியன் பச்சையாக இருப்பது எந்த ஊர் நியாயம், சூரியன் மஞ்சள் என்பது உலகத்துக்கே தெரியுமே என்று கேட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் மூன்று பேணி மஞ்சள் அனுப்பினார்.

டொரதிக்கு அது சரியான பரிகாரமாகப் பட்டது. பச்சையும் இருக்கிறது, மஞ்சளும் இருக்கிறது. இனி யாரும் வாய் திறக்க முடியாது. பிள்ளைகள் சூரியனுக்கும் நிலாவுக்கும் மஞ்சள் பூசினார்கள். மிச்சம் இருந்ததைக் காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பூசினார்கள். காய்ச்சலில் மஞ்சளித்துப் போன பிள்ளை மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை வரிசையில் நின்ற தோட்டத்துப் பெண் ஒருத்தி படத்தை வெகுநேரம் பார்த்தாள். "சூரியன் வந்தா ஒன்னு, நெலா வந்தா ஒன்னு," என்று விரல் விட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். ரபீகா அதைக் கேட்டாள். சுவரின் மறுபக்கம் போய் நின்று மூக்கைச் சிந்திவிட்டு வந்து, பேசாமல் தூரிகையை எடுத்தாள். டொரதியும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்ற மனிதர் வேறு விதமாகப் படித்தார். "அப்ப மஞ்சப் பெட்டியில போட்டாத்தான் குளிச தருவாங்களா?"

திங்கட்கிழமை இரண்டாவது பெட்டிசம் வந்தது. பச்சை நுளம்பு மஞ்சள் பிள்ளையின் இரத்தத்தைக் குடிக்கிறது, பச்சைப் பெட்டிக்காரரை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா என்று கேட்டிருந்தது. பிரதி: பச்சைப் பெட்டி ஏசண்டு.

"நான் அதப் பார்க்கணும்," என்றாள் டொரதி.

"பார்த்து?"

"யார் எழுத்துன்னு சொல்றேன்."

"அதுதான் பிள்ளை காட்டுறேல்லை."

சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிட மனேஜர் வாயெடுக்கும்போதே பச்சை ஏசண்டு வாசலில் நின்றார். சுவரை அழித்தால் பச்சையை அழித்ததாகத்தான் ஊர் சொல்லும், அதை அனுமதிக்க முடியாது என்றார். நுளம்பை மட்டும் வேறு நிறமாக்க வேண்டும். பதிலுக்குக் கௌரவமான எதையாவது பச்சையாக்க வேண்டும். மலையைப் பச்சையாக்கலாம் என்று ரபீகா கத்தினாள். மலை பெரிதாயிற்றே, அவ்வளவு பச்சை ஏது என்று அவளே கவலைப்பட்டாள். நான்கு பேணி வந்து இறங்கியது.

டொரதியின் சந்தேகம் இந்தத் தடவை மிஸஸ் ஹென்றி மேல் திரும்பியது. போன கிழமைதான் அந்த அம்மாள் புது மைக்கூடு வாங்கியிருந்தார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கையில் எதற்குப் புது மைக்கூடு? எழுத்தைப் பிடித்துவிடலாம் என்று டொரதி ஒரு வழி கண்டுபிடித்தாள். நேரசூசி கேட்டு மிஸஸ் ஹென்றியிடம் ஒரு தாள் எழுதி வாங்கினாள். மழையளவு கேட்டு மனேஜரிடம் ஒரு தாள். மாதா ஊர்வலத்துக்குப் பேர்ப்பட்டியல் கேட்டு மற்ற ஆசிரியைமார் ஏழு பேரிடமும் ஏழு தாள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பெட்டிசம் மட்டும்தான் இல்லை.

அந்தக் கோபத்தை எல்லாம் அவள் எட்டாம் வகுப்பில் கொட்டினாள். அந்தத் தவணை முழுவதும் உத்தியோகக் கடிதம் எழுதத்தான் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விட வேண்டும், வலப்பக்கம் திகதி, கடைசியில் பிரதி.

"ஒரு காரியம் நடக்கணும்னா அழுவாதீங்க, எழுதுங்க," என்றாள். "யாருக்கு எழுதுறோம்கிறது பாதி. யாருக்குப் பிரதி போடுறோம்கிறது மீதிப் பாதி. ஆனா பேரப் போட்டு எழுதணும். மொட்டையா எழுதுறவன் கோழை. அவன் மட்டும் என் கையில மாட்டட்டும்."

முன்வரிசையில் ஆறு தலைகள் குனிந்து குறித்துக்கொண்டன.

நுளம்புக்கு என்ன நிறம் அடிப்பது? செங்கல்லைப் பொடித்துக் குழைத்துச் சிவப்பாகப் பூசிவிட டொரதி சொன்னாள். பூசி முடித்துத் தூரப் போய் நின்று பார்த்தபோதுதான், சிவப்புப் பெட்டி என்று ஒன்று இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது.

மூன்றாவது பெட்டிசத்துக்குப் பிரதி எங்கே போனது என்று சொல்லத் தேவையில்லை. சிவப்பு ஏசண்டு மற்ற இருவரையும்விடப் பெரிய ஆள், காரில் வந்தார். நுளம்பைக் கறுப்பாக்கிய பிறகுதான் சுவரை விட்டு நகர்ந்தார். கறுப்புப் பெட்டி எவருக்கும் இல்லை என்று கண்டிக்குப் போய்த் தேர்தல் கந்தோரில் விசாரித்து வந்து, விளக்குப் புகைக்கரியைக் குழைத்துப் பூசினார்கள். நோயாளிப் பிள்ளையின் கம்பளிக்கு என்று காரில் இருந்து நல்ல சிவப்பு இறங்கியது.

டொரதியின் பட்டியலில் எஞ்சியிருந்தவர் மணி அடிக்கும் இராமையா. தபால் எல்லாம் அவர் கையால்தான் வருகிறது. அதோடு வேட்டியில் ஒரு மஞ்சள் கறையும் இருந்தது. அவரைச் சுவரோரம் நிறுத்தி, மூன்று பெட்டிசத்தையும் எழுதியது யார் என்று நேரடியாகக் கேட்டாள்.

இராமையா மணி அடிக்கும் கட்டையைக் கீழே வைத்தார்.

"எழுதத் தெரிஞ்சா தாயி, நா ஏன் இருபது வருசமா மணி அடிக்கிறேன்? கறி மஞ்சத் தாயி இது. மோந்து பாருங்க."

அவள் மோந்து பார்த்தாள். பருப்புக் கறிதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மனேஜர் அவளை அறைக்கு அழைத்தார். இந்தத் தடவை மிஸஸ் ஹென்றி இல்லை. தலைவலி என்று சொல்லியனுப்பியிருந்தார். மேசையில் ஒரு தாள் எழுதித் தயாராக இருந்தது. சுவரில் உள்ள படங்கள் ஊரில் குழப்பத்தை உண்டாக்குவதால் அவற்றை அழிக்க முழுமனதோடு சம்மதிக்கிறேன் என்று, டொரதி எழுதியதைப் போல எழுதியிருந்தது.

"கையெழுத்தைப் போடும். திங்கட்கிழமை சுண்ணாம்பு."

"மூனு கட்சிக்காரங்களும் இருக்கட்டும்னுதானே சொல்லிட்டுப் போனாங்க? அப்புறம் யாருக்கு இடைஞ்சல்?"

"எனக்கு."

டொரதி அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அலுமாரியின் மேல் கட்டுக் கட்டாக அச்சடித்த தேர்தல் தாள். அலுமாரிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடியும் மூடாமலும் பேணிகள். ஒரு பேணியின் விளிம்பில் வழிந்து காய்ந்திருந்தது நீலம்.

"செவ்வாய்க்கிழமை அந்தச் சுவருல நீலம் ஏறுமா, ஐயா? முழுச் சுவருக்கும்?"

மனேஜர் காலை நீட்டிச் சாக்கை இழுத்துவிட்டார். அது போதுமான பதிலாக இருந்தது.

"அப்ப பெட்டிசம் மூனும் நீங்க எழுதினதுதான். காட்டுங்க. உங்க மழையளவுத் தாள் என் பையில இருக்கு. இப்பவே ஒப்பிட்டுருவோம்."

பஸ்தியாம்பிள்ளைக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அவர் எழுந்து நின்றதை டொரதி அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தாள்.

"நானோ? நான் ஏன் காட்டேல்லை எண்டு சொல்லட்டே? இடப்பக்கம் ரெண்டு விரல் இடம். வலப்பக்கம் திகதி. அடியில பிரதி, அதுக்குக் கீழ அளந்து போட்ட கோடு. இந்த ஊரில இப்பிடி எழுதத் தெரிஞ்சது நீர் ஒராள்தான். உம்மட பெட்டிசத்தை உமக்கே எடுத்துக் காட்ட நான் என்ன விசரனோ?"

டொரதி பைக்குள் விட்ட கையை வெளியே எடுத்தாள். இவ்வளவு நாளும் அவள் அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் எழுத்தைத் திருடி, அவள் முறையில் எழுதி, அவள் தலையிலேயே கட்டப் பார்க்கிறான் எவனோ. எவ்வளவு நெஞ்சழுத்தம்.

"போடுறீரோ, இல்லையோ?"

"போடுறேன்," என்றாள் டொரதி.

கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். சம்மதத் தாளைத் திருப்பி வைத்து, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், இடப்பக்கம் இரண்டு விரல் விட்டு, வலப்பக்கம் திகதி போட்டு எழுதத் தொடங்கினாள். மனேஜர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எழுதி முடித்து அவருக்கு வாசித்தும் காட்டினாள்.

நீலப் பெட்டிக்காரருக்கு. ஐயா, அம்பிட்டிய வீதியில் எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிகள் குளிசை விழுங்கும் முறையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் படங்களை, திங்கட்கிழமை உங்கள் பெயரால் சுண்ணாம்பு அடித்து அழிக்க ஏற்பாடாகி இருக்கிறது. வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் வோட்டு உண்டு. இது உங்களுக்குத் தெரிந்துதான் நடக்கிறதா என்று அறியத் தரவும். பிரதி: பச்சை, மஞ்சள், சிவப்புப் பெட்டி ஏசண்டுமார்.

அடியில், ஒரு எழுத்தும் குறையாமல், டொரதி மேரி சுவக்கின், பி.ஏ.

"இந்தக் கடிதம் தபாலில சேர்ந்தால் நீர் இந்தப் பள்ளிக்கூடத்தில இல்லை," என்றார் மனேஜர். குரலில் பழைய பலம் இல்லை.

"அதையும் எழுத்துல தாங்க, ஐயா. மொட்டையா வேணாம்."

தாளை நான்காக மடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். வேலை போனால் போகட்டும்; போறணையில் ஆள் தேவைதான். ஆனால் தபால் மூடுவதற்குள் இந்தக் கடிதம் பெட்டிக்குள் விழ வேண்டும். திரும்பிப் பார்க்காமல் அறையைக் கடந்து, கதவைக் கடந்து, படியில் இறங்கினாள்.

கீழ்ப்படியில் ஆறு பிள்ளைகளும் கழுவிய தூரிகைகளோடு நின்றார்கள். மூக்கில் மஞ்சள், முழங்கையில் சிவப்பு. சுவரில் வானம் மட்டும்தான் பாக்கி என்று யாரோ சொன்னார்கள். டொரதி நிற்கவில்லை.

"நீலப் பெட்டிக்காரருக்கு ஒரு கடிதம் போடணும். முத்திரை வாங்கப் போறேன். சுவரப் பார்த்துக்குங்க."

ரபீகா பின்னாலேயே ஓடி வந்தாள். டீச்சரின் காதருகே எட்டி, மேலே ஜன்னலில் நின்ற மனேஜருக்கும் வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற இராமையாவுக்கும் கேட்கும்படி, தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னாள்:

"முத்திரைக்குக் காச வீணாக்க வாணாம், டீச்சர். நீலத்துக்கும் நாங்க காலைலயே எழுதிப் போட்டுட்டோம்."